மேசையைத் தூக்கிவிட்டால்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண் அடுத்த மாதம். திரையைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் வரைபடத்தையும் திரையையும் பார்த்துப் பிழைத்தவனிடம் சொல்கிற பேச்சா அது! முந்தாநாள்தான் தடை நீங்கியது. முதலில் உன் கடிதத்தைப் படித்தேன், அப்புறம் கட்டடத்தில் தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேறும் கணக்கைப் போட்டு நீ அனுப்பிய எக்செல் ஃபைலைத் திறந்தேன்.

ஃபைலைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு, தாத்தாவானதைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறாயே, இது உனக்கே நியாயமாக இருக்கிறதா? பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

சரி, ஃபைலுக்கு வருகிறேன். நேர்த்தியாகத்தான் செய்திருக்கிறாய். பரப்பளவு, உபயோகம், கதவின் அகலம் மூன்றையும் கொடுத்தால் எத்தனை பேர் இருக்கலாம், வெளியேறும் வழி எவ்வளவு அகலம் வேண்டும், எத்தனை எக்ஸிட் வேண்டும் எல்லாம் வந்து விழுகிறது. விதிக்குப் பொருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. காகிதத்தில் போட்டுச் சரிபார்த்தேன், கணக்கில் தப்பில்லை. எனக்கு உறுத்துவது அந்தப் பச்சைதான்.

நீ உதாரணமாக வைத்திருக்கும் கூடத்தையே எடுத்துக்கொள். நிகரப் பரப்பு 420 சதுர மீட்டர், உபயோகம் 'மேசை நாற்காலி'. அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 101-இன்படி ஆளுக்கு 1.4 சதுர மீட்டர், ஆக 300 பேர். படியில்லாத வழியில் ஆளுக்கு 5 மி.மீ. அகலம், ஆக 1500 மி.மீ. இரண்டு எக்ஸிட் போதும். உன்னிடம் ஒரு மீட்டர் கதவு இரண்டு இருக்கிறது. பச்சை.

இப்போது மேசைகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு நாற்காலியை மட்டும் வரிசையாகப் போடு. ஆளுக்கு 0.65 சதுர மீட்டர்தான். 646 பேர் ஆகிவிட்டார்கள். அகலம் 3230 மி.மீ. வேண்டும். 500-ஐத் தாண்டியதால் மூன்றாவது எக்ஸிட்டும் வேண்டும். சுவர் அதேதான், கதவும் அதேதான். பட்டியலில் நீ சொடுக்கிய ஒரு சொல் மட்டும் மாறியிருக்கிறது. கூடத்துச் சொந்தக்காரர் வருஷம் பூராவும் மேசையை அங்கேயே போட்டுவைத்திருப்பார் என்று நீ எழுதிக்கொடுப்பாயா? நான் கொடுக்க மாட்டேன். உபயோகத்தை ஒன்றாகக் கேட்காமல், அந்த இடத்தில் நடக்கக்கூடியதையெல்லாம் கேட்டு, அதில் அதிக ஆள் வருவதை வைத்துக் கணக்குப் போடும்படி மாற்று.

இன்னொன்று. விதி அகலத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. கதவின் இரு பக்கமும் 15 செ.மீ. கழிக்க வேண்டும் என்பது உனக்கு நினைவிருக்கும், யாரும் நிலையை உரசிக்கொண்டு போவதில்லை. மீதி 0.7 மீட்டர். மீட்டருக்கு நொடிக்கு 1.3 பேர் என்பதே நெரிசலில் கிடைக்கும் உச்சம். இரண்டு கதவிலும் சேர்த்து நொடிக்கு 1.82 பேர். 300 பேர் போக 165 நொடி, 646 பேர் போக 355 நொடி. இதெல்லாம் வரைபடத்தில் இருக்கும் ஒரு மீட்டரை அப்படியே நம்பினால்தான். போன வருஷம் ஒரு கட்டடத்தில் டேப்பை வைத்துப் பார்த்தேன். கதவை முழுக்கத் திறந்தாலும் அதன் கனமும் பூட்டின் துருத்தலும் போக 92 செ.மீ.தான் மிஞ்சியது. பக்கத்து இரட்டைக் கதவில் ஒரு பலகைக்கு மேலே தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் பெயின்டும் அடித்துவிட்டார்கள். அந்தத் தாழ்ப்பாளைப் பிரஷ் ஓடிய தடத்தோடு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நீ வேலை மாறிப் போன பிறகு நடந்தது. ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் அரங்கு. ஆட்கள் வெளியேறுவதை சிமுலேஷன் போட்டேன். திரையில் நீல உருவங்கள் வாசலில் மொய்த்து, படியில் இறங்கி, கடைசி ஆள் 4 நிமிஷம் 20 நொடியில் வெளியே வந்துவிட்டான். புகை தலைமட்டத்துக்கு இறங்க 6 நிமிஷம் என்று வேறு கணக்கு சொன்னது. ஏசெட், அதாவது தப்பிக்கக் கிடைக்கும் நேரம், பெரிது; ஆர்செட், அதாவது தப்பிக்க வேண்டிய நேரம், சிறிது; எல்லாருக்கும் திருப்தி. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் புதிதாகச் சேர்ந்த பெண் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "சார், மணி அடித்த நொடியே எல்லாரும் எழுந்துவிடுகிறார்களே? எங்கள் ஹாஸ்டலில் அலாரம் அடித்தால் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வோம்."

எழுந்து கிளம்புவதற்கு ஆகும் தாமதம் என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? அதில் நான் பூஜ்யம் போடவில்லை. எதுவுமே போடவில்லை. காலியாக இருந்ததை மென்பொருள் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் ஓடியது. இரண்டு நிமிஷம் சேர்த்தேன். 6 நிமிஷம் 20 நொடி. புகை முந்திக்கொண்டது. கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் திரும்பக் கேட்டு வாங்கப் போன அந்த நடை இருக்கிறதே, அதை உனக்கும் விவரிக்க மாட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன். உன் ஃபைலில் காலிக் கட்டம் இருந்தால் பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். விடையே வராதபடி செய்.

தீயின் வளர்ச்சிக்கு நீ வைத்திருக்கும் தாளிலும் இதே கோளாறுதான். திறந்ததும் 'நடுத்தரம்' என்று நிற்கிறது. நடுத்தரம் என்றால் ஒரு மெகாவாட்டை (சரியாகச் சொன்னால் 1055 கிலோவாட்டை) எட்ட 300 நொடி, வேகம் என்றால் 150. பாதிதானே என்று தோன்றும். ஆனால் நேரத்தின் வர்க்கத்தில் வளர்கிற நெருப்பு அல்லவா? 200-ஆவது நொடியில் நடுத்தரத் தீ 469 கிலோவாட், வேகமான தீ 1876 கிலோவாட். நாலு மடங்கு. ஃபோம் மெத்தை வைத்த சோபாவை நடுத்தரத்தில் போட்டு வருகிற விடையை யாருக்குக் காட்டப்போகிறாய்?

ஃபோம் என்றதும் ரோட் ஐலண்ட் இரவு விடுதி நினைவுக்கு வருகிறது. 2003 பிப்ரவரியில் மேடையில் விட்ட பொறி, சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி, 100 பேர் போய்விட்டார்கள். அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனமான என்ஐஎஸ்டி அந்த இடத்தின் ஒரு பகுதியைக் கட்டி எரித்தும் பார்த்தது, எஃப்டிஎஸ் என்கிற தீ சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டியும் பார்த்தது. ஃபோம் பற்றி 90 நொடிக்குள் உள்ளே உயிரோடு நிற்க முடியாத நிலை வந்துவிடுகிறது. வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலைத் தேடித்தான் ஓடினார்கள். நீயோ ஆட்களைக் கதவுக்குக் கதவு சமமாகப் பங்கு போட்டிருக்கிறாய், பந்தியில் இலை போடுகிற மாதிரி. இரவு விடுதி போன்ற இடங்களில் மொத்த ஆளில் மூன்றில் இரண்டு பங்கை முன்வாசலே தாங்க வேண்டும் என்று இன்றைய என்எஃப்பிஏ 101 கேட்பது சும்மா இல்லை.

எஃப்டிஎஸ் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். கற்றுக்கொள், இலவசம்தான். ஆனால் முதலில் சிஃபாஸ்ட் என்கிற எளிய மென்பொருளில் ஓட்டிப் பார். அறையை மேலே சூடான புகை, கீழே காற்று என்று இரண்டு அடுக்காக மட்டும் பார்க்கும், சட்டென்று விடை தரும். நீண்ட தாழ்வாரத்தில் மட்டும் அதை நம்பாதே. போகப்போகப் புகை ஆறிக் கீழே இறங்குவது அந்த இரண்டு அடுக்குக்குத் தெரியாது. அங்கேதான் எஃப்டிஎஸ் வேண்டும். அதிலும் மெஷ் அளவை, அதாவது இடத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரிக்கும் அளவைக் கவனி. ஒரு மெகாவாட் தீக்கு 25 செ.மீ. கட்டம் என்பது கடைக்கோடி. கட்டத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்கு, கணக்கு நேரத்தில் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும் பாதி, ஆக 16 மடங்கு நேரம் ஓடும். எங்கள் ஆபீஸ் பையன்கள் அதற்குப் பயந்து கட்டத்தைப் பெரிதாக்கிவிட்டு, வண்ணப் படம் அழகாக வந்திருக்கிறது என்பார்கள். அழகாகத்தான் வரும்!

எதை ஓட்டும் முன்பும் நான் நோட்டில் ஒரு வரி போட்டுப் பார்ப்பேன், சுவாலை எவ்வளவு உயரம் எழும் என்று சொல்லும் ஹெஸ்கெஸ்டாட் சூத்திரம். 1000 கிலோவாட், ஒரு மீட்டர் விட்டம் என்றால் சுமார் 2.7 மீட்டர். கூரை 2.6 மீட்டரில் இருக்கும்போது சிமுலேஷனில் சுவாலை கூரையைத் தொடாமல் எரிந்தால், திரையை மூடிவிட்டு எங்கே தப்பு என்று தேடுவேன். பெரும்பாலும் ஏதோ ஒரு யூனிட்தான் மாறியிருக்கும்.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2004-இல் வெளியிட்ட தீக் கணக்கு எக்செல் தாள்களையும், கூட வந்த கையேட்டையும் ஒரு முறை புரட்டிப் பார். ஒவ்வொரு கணக்கும் எதையெல்லாம் அனுமானித்துக்கொள்கிறது, எந்த எல்லைக்குள் செல்லும் என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். உன் தாள்களில் அந்தப் பகுதியே இல்லை. சூத்திரத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடு. இரண்டு வருஷம் கழித்து அந்த ஃபைலைத் திறக்கப்போகிறவன் உனக்கு போன் போட்டுக் கேட்க மாட்டான்.

அடுத்த கண் ஆபரேஷனுக்கு முன்னால் திருத்திய ஃபைல் வந்தால் பார்த்துச் சொல்கிறேன், பிந்தினால் ஒரு மாதம் பொறு. கூடவே அந்தக் கூடத்தின் போட்டோவும் வேண்டும், காலியாக இருக்கும்போது எடுத்தது வேண்டாம், ஏதாவது விழா நடக்கும்போது எடுத்தது. பேத்தியின் போட்டோவைத் தனியாக அனுப்பு. எக்செல்லில் ஒட்டி அனுப்பிவிடாதே, நீ செய்யக்கூடியவன்.

அன்புடன்,
ராஜு