பார்சலுக்குள் வைத்த கடிதம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீயும் மருமகனும் பிள்ளையளும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுறன். போன ஞாயிறும் நீ கோல் எடுக்கேல்லை. அதுக்கு முதல் ஞாயிறும் எடுக்கேல்லை. வேலை கூட எண்டு எனக்குத் தெரியும். முழங்கால் நோ முந்தின மாதிரித்தான். மேற்கு வேலி அடைச்சாச்சு.

பார்சலிலை மிளகாய்த்தூள், ஒடியல்மா, கொஞ்சம் புழுக்கொடியல். அதோடை ஒரு சப்பாத்துப் பெட்டி. தூள் மணம் பிடிக்க முதல் அதை எடுத்து வேறையாய் வை. உள்ளுக்கு 64 மட்டை இருக்கு, சின்னவனுக்கு. பிறிஸ்டல் போட் வாங்கி நானே வெட்டி எழுதினது. 31 வருசம் கரும்பலகையிலை எழுதின கை இப்ப நடுங்குது, எண்டாலும் எழுத்து வடிவாய்த்தான் வந்திருக்கு.

முதல் எழுதினதுகளை எறிஞ்சு போட்டன். அதிலை ‘தண்ணீர் வேண்டும்’, ‘வெளியே செல்வோம்’ எண்டெல்லாம் எழுதிப்போட்டன். பிறகு யோசிச்சன், எங்கடை வீட்டிலை ஆர் அப்பிடிக் கதைக்கிறது? மற்றப் பிள்ளையள் காதாலை கேட்டுக் கதைக்கப் பழகிப்போட்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்துதான் எழுத்துத் தமிழைப் பிடிக்குங்கள். இவனுக்கு எழுத்துத்தான் முன்வாசல். நாங்கள் எழுதிக் காட்டுறதைத்தான் அவன் வாயாலை சொல்லப்போறான். ‘தண்ணீர் வேண்டும்’ எண்டு பழக்கினால் ரேடியோச் செய்தி மாதிரிக் கதைப்பான். அதாலை ‘தண்ணி வேணும்’, ‘வெளியிலை போவம்’ எண்டு நாங்கள் கதைக்கிற மாதிரியே எழுதியிருக்கிறன். இப்பிடி எழுதின பிள்ளையளின்ரை கொப்பியிலை சிவப்புக் கோடு போட்டவள் நான்.

மேலை இருக்கிற மட்டை ‘எனக்குத் தண்ணி வேணும்’. இஞ்சை நிக்கேக்கை தாகமெடுத்தால் ‘உனக்குத் தண்ணி வேணுமோ’ எண்டு சொல்லிக்கொண்டு என்ரை கையைப் பிடிச்சு இழுப்பான். எனக்கு வேண்டாம் ராசா எண்டு நான் இருந்திடுவன். லியோ கனர் எண்ட டொக்டர் 1943இலை இவனை மாதிரி ஓட்டிசம் உள்ள 11 பிள்ளையளைப் பற்றி எழுதேக்கையே இதைச் சொல்லியிருக்கிறார். கேட்ட சொல்லை அப்பிடியே திருப்பிச் சொல்லுறது, ‘நான்’ எண்ட இடத்திலை ‘நீ’ வாறது. நாங்கள் அவனைக் கேக்கேக்கை ‘உனக்கு’ எண்டுதானே கேக்கிறம், அவன் வேறை எதைச் சொல்லுறது?

மட்டையை அவன்ரை கையிலை குடு. நீ பின்னுக்கு நிண்டு, அவன்ரை விரலை ஒவ்வொரு சொல்லுக்குக் கீழையும் வைச்சு வாசிக்க விடு. வாசிச்ச உடனை தண்ணியைக் குடு. பிழை திருத்திறன் எண்டு பிந்தாதை. நாள் போகப் போகக் கடைசிச் சொல்லைக் கையாலை மறை. பிறகு ரண்டு சொல்லை மறை. கெதிப்படாதை.

‘சொல்லு, சொல்லு’ எண்டு முகத்துக்கு நேரை நிண்டு கேக்காதை. வாயாலை சொன்னது காத்தோடை போயிடும், எழுதினது அவன் பாத்து முடியுமட்டும் நிக்கும். 247 எழுத்தும் முடிச்சால்தான் சொல் எண்டும் நிக்காதை. 750 பஸ்ஸின்ரை போர்ட்டைப் பாத்துப் ‘பருத்தித்துறை’ எண்டானே, அவனுக்கு ஆர் ‘ரு’ படிப்பிச்சது? சொல்லு சொல்லு எண்டு மட்டும் கேக்காதை, பிள்ளை.

வீட்டிலை தமிழை விடச்சொல்லி அங்கை ஆரோ சொன்னதெண்டு மருமகன் சொன்னவர். விட்டுட்டியோ? நீ எனக்குச் சொல்லமாட்டாய். கொப்பர் இருந்திருந்தால் அவருக்குச் சொல்லியிருப்பாய். ஆனால் விட்டிருக்கமாட்டாய் எண்டுதான் நினைக்கிறன். போன திருவிழாவுக்கு வந்து நிண்ட 25 நாளும் அலுமாரி, வாளி, கதிரை எண்டு வீடு முழுக்க எழுதி ஒட்டினவள் நீ. படிப்பிச்ச நான் சுவரிலை பசை படியுது எண்டு முணுமுணுத்துக்கொண்டு திரிஞ்சன்.

தீர்த்தத்தண்டு பின்னேரம் நீங்கள் ரவுணுக்குப் போயிருக்கேக்கை சாவகச்சேரி ஆக்கள் வந்தவை. சின்னவன் நித்திரை எண்டு அவைக்குச் சொன்னன். உனக்கும் அப்பிடித்தான் சொன்னன். அவன் நித்திரை கொள்ளேல்லை. நான்தான் அறைக்குள்ளை விட்டு வெளியாலை கொளுக்கி போட்டனான். ஏதும் கேட்டால் என்ன சொல்லுறது எண்ட வெக்கம். அவன் அழேல்லை. தேத்தண்ணி எடுக்க எழும்பேக்கை பாத்தன், கதவுக்குக் கீழாலை ஒரு கடதாசி வந்து கிடந்தது. நீ உள்பக்கம் ஒட்டின துண்டு. ‘கதவு’. ஒரு மூலை கிழிஞ்சு, பசையோடை நீலப் பெயின்றும் உரிஞ்சு வந்திருந்தது. நான் பாத்துக்கொண்டு நிக்க, இன்னும் ஒரு விரலளவு முன்னுக்கு வந்தது.

குனிஞ்சு எடுத்துச் சட்டைக்குள்ளை செருகிக்கொண்டு, பலகாரத் தட்டோடை விறாந்தைக்குப் போயிட்டன். அவை எழும்பிப் போக இன்னும் முக்கால் மணித்தியாலம் ஆச்சு. எத்தினை பிள்ளையளுக்கு வாசிக்கப் படிப்பிச்சனான். அண்டைக்கு அவன் கேட்டதை வாசிச்சுப்போட்டும் நான் திறக்கேல்லை.

துண்டைக் காணேல்லை எண்டு நீ கேக்க, விழுந்திருக்கும் எண்டனான். உனக்குத் தெரிஞ்சுதோ? தெரிஞ்சுதான் ஞாயிற்றுக்கிழமையளிலை கோல் எடுக்கிறேல்லையோ?

அந்தத் துண்டு பெட்டிக்கு அடியிலை இருக்கு. அதுக்கு மேலை கடைசி மட்டை ‘அம்மம்மா, கதவைத் திற’. அதையும் அவனுக்குப் பழக்கிவிடு.

மட்டையளுக்குப் பிளாஸ்ரிக் உறை போடு, தண்ணி பட்டால் மை ஊறிப்போம்.

அம்மா