வால்வு கசிந்தால் இறுக்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேலே தண்ணீர்த் தாங்கி வைத்த வீடுகளில் வால்வு மூட்டில் சொட்டு விழத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் நடப்பது ஒன்றுதான். இருக்கிறதிலேயே பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏறி முடிந்தமட்டும் இறுக்குவார்கள், அதற்கும் நிற்காவிட்டால் வெளியே எபொக்சிப் பசையை அப்பிவிட்டு இறங்கிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

செக்கனுக்கு ஒரு துளி என்றால் நாளுக்கு 4 லீற்றர் சொச்சம், இதற்கு ஏன் இவ்வளவு பாடு, வழிந்த தண்ணீர் திரும்ப நிலத்துக்குத்தானே போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சரி, போகிறதுதான். மோட்டருக்குக் கொடுத்த கரண்ட் திரும்பி வராதே! அதோடு, ஈரம் கொங்கிறீற்றுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து ஊதும், பிறகு பூச்சு பெயர்ந்து விழும். அந்தத் திருத்தச் செலவுக்கு முன்னால் வால்வுச் செலவு ஒன்றுமேயில்லை.

முதலில் எந்த மூட்டு என்று கண்டுபிடியுங்கள். தண்ணீர் குழாய் வழியே ஓடிவந்து கீழே எங்கோ சொட்டும், அந்த இடத்தை இறுக்கி என்ன பயன்? எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மேலிருந்து ஒவ்வொரு மூட்டிலும் காய்ந்த தாளைச் சுற்றிப் பாருங்கள் (நேற்றைய பத்திரிகை போதும், ஆசிரியர் கோபிக்கக் கூடாது). எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது, அதனால் கனகாலமாகக் கசிகிற மூட்டில் வெள்ளைப் படிவு கட்டி அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

லண்டனில் இருக்கிற உறவுகள் வட்ஸ்அப்பில் அனுப்புகிற வீடியோக்களும் இந்த இறுக்கும் பழக்கத்துக்கு உதவி செய்கின்றன. குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ரேடியேற்றரின் வால்வு கசிந்தால் நட்டைக் கால் சுற்று இறுக்கச் சொல்வார்கள். அங்கே அது சரி. அந்த மூட்டுக்குள் செம்புக் குழாயைச் சுற்றி ஒரு சின்ன உலோக வளையம் இருக்கிறது, நட்டை இறுக்க அது குழாயோடு நசுங்கித் தண்ணீரை மறிக்கும். அப்போதும் இன்னொரு ஸ்பானரால் வால்வைப் பிடித்துக்கொண்டுதான் இறுக்குவார்கள், இல்லாவிட்டால் குழாய் முறுகிவிடும். எங்கள் பி.வி.சி. மூட்டில் அந்த வளையம் எங்கே இருக்கிறது? பிளாஸ்ரிக் சொக்கற்றுக்குள் பித்தளைப் புரியை (திருகு மரையை) மேலும் மேலும் திருகினால் அது ஆப்பு இறக்கியது மாதிரி, அதுவும் வருடக்கணக்காக வெயிலில் கிடந்து விறைத்த சொக்கற் என்றால் வெடித்தே போகும். சொட்டாக இருந்தது அப்புறம் ஓட்டமாகிவிடும்.

தண்ணீரை மறித்து, குழாயில் நிற்பதை வடியவிட்டு, மூட்டைக் கழற்றி, புரியில் சுற்றியிருக்கும் பழைய ரேப்பை (கசிவை மறிக்கும் மெல்லிய நாடாவை) சுரண்டி எடுத்துவிட்டு, புரி காய்ந்த பிறகு புதிய ரெஃப்லோன் ரேப் சுற்றுங்கள். புரியின் வாய் உங்களைப் பார்த்தபடி இருக்க, மணிக்கூட்டு முள் போகிற பக்கமாக இழுத்து நான்கைந்து சுற்று. மாறிச் சுற்றினால் திருகும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் கொஞ்சம், அவ்வளவுதான். தாங்கியில் இருந்து குழாய் வெளியே வருகிற இடம் வேறு கதை. அங்கே தண்ணீரை மறிப்பது இறப்பர் வோஷர், ஒரு ரோல் ரேப் முழுவதையும் சுற்றினாலும் பிரயோசனம் இல்லை, வோஷரைத்தான் மாற்ற வேண்டும்.

இறுக்கக்கூடிய இடமும் ஒன்று இருக்கிறது. பித்தளை கேட் வால்வில் கைபிடிக்குக் கீழே, கைபிடியோடு சேர்ந்து திரும்பும் தண்டைச் சுற்றி ஒரு சின்ன நட் இருக்கும். கசிவு அந்தத் தண்டடியில் என்றால் அதை மெதுவாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் தண்ணீரை மறித்துவிட்டு அந்த நட்டைக் கழற்றி, ரேப்பை நூல் போல முறுக்கித் தண்டைச் சுற்றி வைத்து மூடலாம். ரேடியேற்றர் வால்விலும் தண்டடிக் கசிவுக்கு இதே வைத்தியம்தான். தண்டே அரித்துப் போயிருந்தால் மட்டும் புது வால்வு வாங்கிக்கொண்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.