பிரேக் விட்டாலும் சர்வீஸ் போகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினோரு மாத வேலை ஆர்டர், நடுவே நாலு நாள் வேலை தராத 'பிரேக்', பிறகு புது ஆர்டர். தொழிற்பேட்டைகளில் பழகிப்போன ஏற்பாடு இது. பிரேக் விழுந்தால் பழைய சர்வீஸ் போச்சு என்று தொழிலாளர்களும் நம்பிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 1981-இல் வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். (50 பேருக்குக் குறைந்த இடங்களுக்கும் சீசன் தொழிலுக்கும் பொருந்தாது.) மாதம் 26 நாள் என்றால் பத்தொன்பதாம் மாதத்திலேயே 480 வந்துவிடும், பதினோரு மாத ஆர்டர் இரண்டு முடிந்தால் 572. நோய், அனுமதித்த விடுப்பு, விபத்து, தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற நாள் எதுவும் சர்வீஸை அறுக்காது. நிர்வாகமே விடும் பிரேக் இதில் எந்த வகை என்று சொல்லவா வேண்டும்?

கோட்டை விடுவது ஆதாரத்தில்தான். புது ஆர்டரோடு நீட்டும் தாள்களில் 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று ஒன்று, தேதி போடாமல், நடுவில் இருக்கும். கையெழுத்து விழுந்தால் பிரேக் தொழிலாளி விரும்பி எடுத்ததாகிவிடும். வருகைப் பதிவேட்டைக் கேட்டால் கிடைக்காது. பே ஸ்லிப்பில் உள்ள வேலை நாள், பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. சந்தா விவரம், வங்கியில் சம்பளம் ஏறிய தேதி இவற்றை வைத்து மாதவாரியாக ஒரே தாளில் கணக்கு எழுதுங்கள். பாஸ்புக்கில் யு.ஏ.என். (தொழிலாளிக்கு என்றும் மாறாத பி.எஃப். எண்) அதேதான், ஆனால் மெம்பர் ஐ.டி.யும் (நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் எண்) நிறுவனப் பெயரும் மாறியிருக்கிறதா? சத்தமில்லாமல் உங்களைக் காண்ட்ராக்டர் கணக்கில் தள்ளியிருக்கிறார்கள்.

அப்படியானால் வழி வேறு, நீண்டதும்கூட. காண்ட்ராக்ட் வெறும் கண்துடைப்பா என்பதைத் தொழில் தீர்ப்பாயம்தான் விசாரிக்க வேண்டும் என்று 2001-இல் அரசு உருக்கு நிறுவனமான செயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேரடி ஆள் என்றால் அந்தச் சுற்று வேண்டாம். தொழிற்சாலைகளுக்கு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் வட்டார அலுவலகத்தில், 1981 சட்டத்தின்கீழ் ஆய்வாளருக்கு என்று எழுதி மனுக் கொடுக்கலாம். இந்தச் சட்டப்படி நிர்வாகம் வைக்க வேண்டிய தொழிலாளர் பதிவேடான படிவம் 1-இல் என் பெயர் எந்தத் தேதியில் ஏறியிருக்கிறது என்ற கேள்வி மனுவில் கட்டாயம் இருக்கட்டும். கணக்குத் தாளை இணைத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள்.

இதையெல்லாம் வேலையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். வாசலில் நிறுத்திய பிறகு போனால் அது பணிநீக்க வழக்காகிவிடும். லேபர் கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுக்கும்.

தொழிற்சங்க ஊழியர்,
அம்பத்தூர்.