பழைய லாரிய பாதியில விட்டுறாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

எனக்கு திருச்செங்கோடு. லாரி, போர்வெல் ரிக்குன்னு ஊரே இரும்போட பொழைக்கிற ஊரு. கொஞ்ச நாளா இங்க சின்னப் பசங்க பழைய லாரிய வாங்கி புதுசாக்கறேன்னு ஆசையா ஆரம்பிக்கறாங்க, ரெண்டு மாசத்துல கையெல்லாம் துருவும் கிரீஸும் ஆனதும் மனசு விட்டுப்போயி, கழட்டுன வண்டிய அப்படியே காயலாங்கடைக்கு கிலோ ரேட்டுக்கு போட்டுடறாங்க. வயிறு எரியுதுங்க. மரத்தடியில முழுசா நின்னிருந்தாக்கூட இன்னும் பல வருஷம் நின்னிருக்கும், கழட்டிப் போட்டு போல்ட் ஒரு பக்கம் பட்டை ஒரு பக்கம்னு ஆயிட்டா அப்புறம் யாரு வந்து சேக்கறது?

நானும் அந்த நெலமைக்கு வந்தவன்தான். அப்பா ஓட்டுன 1968 மாடல் டாட்டா பென்ஸ், இன்ஜின் முன்னாடி நீட்டிட்டிருக்கற மூக்கு வண்டி. 1954ல இருந்து 1969 வரைக்கும் டாட்டாவும் பென்ஸும் கூட்டா ஜாம்ஷெட்பூர்ல பண்ணுன வண்டி, அந்த பென்ஸ் நட்சத்திர சின்னம் இன்னும் முன்னாடி இருக்கு. சேசிஸ் மேல ரெண்டு விரக்கடைக்கு கிரீஸும் மண்ணும் கல்லு மாதிரி ஏறிக் கெடந்துச்சு, மொத நாள் பொழுது சாயற வரைக்கும் சுரண்டுனேன், ஒரு முழம்தான் இரும்பு தெரிஞ்சுது. அன்னிக்கு நைட்டு வித்துடலாம்னே முடிவு பண்ணிட்டேன்.

அப்பாகிட்ட கிளீனரா இருந்த அண்ணன் மறுநாள் வந்து பாத்துட்டு, "முழு வண்டிய பாக்காத தம்பி, இன்னிக்கு இந்த ஒரு ஷேக்கிள மட்டும் பாரு"ன்னாரு. ஷேக்கிள்னா ஸ்பிரிங் பட்டைய சேசிஸோட சேக்கற சின்ன சாமான். அதுல இருந்து ஒரு நாளைக்கு ஒரே சாமான்தான். கழட்டி, டீசல்ல ஊறவெச்சு, வயர் பிரஷ் போட்டு, துருப்புடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிச்சு காய வெச்சுட்டுத்தான் கை கழுவறது, பாதியில விட்டுட்டு அடுத்தத தொடறதில்ல. செவப்பா முடிஞ்ச சாமான் பத்து வரிசையா திண்ணையில இருந்தா, காலையில காலு தானா பட்டறைக்குப் போகுதுங்க.

சின்ன சாமானுக்கு முதுகு ஒடிய தேய்க்க வேண்டாம். பிளாஸ்டிக் பக்கெட்டுல சலவை சோடா கலந்த தண்ணி, பேட்டரி சார்ஜரோட மைனஸ் துருப்புடிச்ச சாமானுக்கு, பிளஸ் ஒரு வேஸ்ட் இரும்புத் துண்டுக்கு, ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடாம இருக்கணும், சார்ஜர ஆன் பண்ணி விட்டு வெச்சா துரு இளகிடும். வெட்டவெளியில வைங்க, அதுல வர்ற கேஸ் தீப்புடிக்கும், எவர்சில்வர் துண்டு மட்டும் போட்றாதீங்க, அந்தத் தண்ணி விஷமாயிடும். பிரேக் டிரம் தூசிக்கு ஏர் அடிக்கவே கூடாது, பழைய லைனிங்ல நுரையீரலக் கெடுக்கற ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியில தொடைங்க.

ஒரு நாள் டீசல் பைப்ப சுரண்டிட்டிருந்தேன், பைப்பு சேசிஸ்ல உரசாம இருக்க அப்பா வெட்டி வெச்ச ரப்பர் செருப்புத் துண்டு, நீல வாரோட ஓட்டை கூட அதுல அப்படியே இருந்துச்சு. அத கழட்டல, அப்படியேதான் விட்டிருக்கேன். அழுக்குக்குப் பயந்து அன்னிக்கே வித்திருந்தா இத நான் பாத்திருக்கவே மாட்டேன்.

இன்னொண்ணு, 2021ல மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குன்னு தனியா கொண்டுவந்த விண்டேஜ் பதிவு, 50 வருஷம் தாண்டுன சொந்த உபயோக டூவீலர், காருக்குத்தான். லாரிக்கு அதுல எடமில்ல. இவ்ளோ பாடுபட்டு முடிச்ச வண்டி ரோட்டுக்கு வர அதுலயே லாரிக்கும் ஒரு வழி வைக்கணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
வாசகன், திருச்செங்கோடு