மறந்த பொருளைக் கொண்டுவராதீர்கள்

செபராங் பிறை, பினாங்கு

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். மலாய் மொழியில் அச்சடித்த சுற்றறிக்கை ஒன்று இந்நேரம் உங்கள் பிள்ளையின் பையில் எங்கேயாவது கசங்கிக் கிடக்கும். தயவுசெய்து தேடி எடுத்துப் படியுங்கள். இந்தக் கடிதம் அதன் மொழிபெயர்ப்பு இல்லை. போன மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நான்கைந்து அம்மாக்கள் தலைமையாசிரியரான என்னை நிறுத்தி, "டீச்சர், உள்ளே பேசினதைத் தமிழில் எழுதிக் கொடுங்களேன், வீட்டில் அவரும் படிப்பார்" என்றார்கள். எழுத உட்கார்ந்தால் கூட்டத்தில் சொல்லாமல் விட்டதெல்லாம்தான் முன்னால் வந்து நிற்கிறது. சரி, அதையே எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக எனக்கு ஒரு பழக்கம். காலை 9 மணி வாக்கில் வாசலில் இருக்கும் காவல் அறைக்குப் போய், அங்கே கிடக்கும் நீள மேசையை ஒரு பார்வை பார்ப்பேன். போன செவ்வாய்க்கிழமை அதன்மேல் இருந்தவை: தண்ணீர் போத்தல் மூன்று, விளையாட்டுச் சப்பாத்து இரண்டு ஜோடி, வரலாற்றுப் பாடநூல் ஒன்று, அம்மாவின் கையெழுத்தில் பெயர் எழுதிய கோப்பு ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, எறும்பு மொய்க்க ஆரம்பித்துவிட்ட நாசி லெமாக் பொட்டலம் ஒன்று. எல்லாம் பிள்ளைகள் மறந்துவிட்டு வந்து, பெற்றோர் பின்னாலேயே கொண்டுவந்து கொடுத்தவை. "டீச்சர், நான் ஜாகாவா, போஸ்ட்மேனா?" என்று காவலர் சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான்.

அன்றைக்கு அங்கே ஓர் அம்மாவும் நின்றிருந்தார். பிறையில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர், வாசலில் மகனின் சப்பாத்து கிடப்பதைப் பார்த்து, குளிக்காமல்கூட மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். கண் இரண்டும் சிவந்திருந்தது. எங்கள் இடைநிலைப் பள்ளியில் படிவம் 3 படிக்கும் மகன் வந்தான். சப்பாத்தை வாங்கினான். "ஏன் இவ்வளவு லேட்டு?" என்றான். திரும்பிப் போய்விட்டான். அந்த அம்மா என்னைப் பார்த்து, "பரவாயில்லை டீச்சர், சின்னப் பையன்தானே" என்றார். அவனுக்கு 15 வயது. என்னைவிட ஒரு சாண் உயரம்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவன் எதை மறந்தாலும் அது தானாக நடந்து பள்ளிக்கு வந்துவிடும் என்று அவனுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பழக்கியது நாம்.

அதனால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காவல் அறையில் மருந்து, மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி, சாப்பாடு இந்த நான்கைத் தவிர வேறு எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தை மறந்தவர் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்ளட்டும். சப்பாத்தை மறந்தவர் திடலோரம் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதை எண்ணிக் குறித்துக் கொடுக்கட்டும். கோப்பை மறந்தவர் மறுநாள் கொண்டுவந்து, ஏன் தாமதம் என்று ஆசிரியரிடம் தானே சொல்லட்டும். ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்லியிருக்கிறேன்: மறந்ததற்காக யாரையும் வெயிலில் நிற்க வைக்கக் கூடாது, வகுப்பு முன்னால் கேலி செய்யக் கூடாது. மறதியின் விளைவை மட்டும் பிள்ளை அனுபவித்தால் போதும். அதற்கு மேல் நாம் மசாலா சேர்க்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் வீட்டில் சண்டை வரும். என்மேல் பழியைப் போடுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து, "யு.பி.எஸ்.ஆரும் இல்லை, பிடி3யும் இல்லை, அப்புறம் எதை வைத்து பிள்ளை எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் போனது, படிவம் 3இல் எழுதிய பிடி3 தேர்வு 2022இல் போனது. அதன் பிறகு படிவம் 1இல் கால் வைத்த பிள்ளைக்கு, படிவம் 5இல் எழுதும் எஸ்.பி.எம். வரைக்கும் அரசாங்கத் தேர்வு இல்லாமல் போனது. பள்ளித் தேர்வுகளும் மதிப்பீடுகளும் இருக்கின்றன, ஆனால் பழைய அந்தப் பயம் இல்லை. அவருக்கு நான் அங்கே சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இப்போது சொல்கிறேன்: உங்கள் பிள்ளை ஒரு தப்பு செய்துவிட்டால், அதை உங்களிடம் வந்து சொல்ல எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறான் என்று பாருங்கள். அதே நாள் சொன்னால் நன்றாக இருக்கிறான். நாங்கள் கூப்பிட்டுச் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிகிறது என்றால் நாம் உட்கார்ந்து பேச வேண்டும்.

1988இல் எழுதிய நம் தேசியக் கல்வித் தத்துவம் உடல், உணர்வு, ஆன்மிகம், அறிவு என்று நான்கையும் சமமாக வளர்க்கச் சொல்கிறது. எல்லாப் பள்ளியிலும் சுவரில் மாட்டியிருப்போம். ஆனால் நமக்குள்ள பேச்செல்லாம் நான்காவதைப் பற்றித்தான். 'பையன் எப்படி?' என்று கேட்டால் 'கணக்குதான் கொஞ்சம் வீக்' என்று பதில் வரும்.

ஒரு விஷயத்தைச் சொன்னால் கோபப்படக் கூடாது. விடுப்புக் கடிதங்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் வயிற்றுப்போக்கு என்று கடிதம் வந்தது. திங்கட்கிழமை மூவர் கையிலும் மருதாணி. ஈப்போவில் கல்யாணமாம், சின்னவனே சொல்லிவிட்டான். கல்யாணத்துக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கடிதத்தை அம்மா எழுதும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள், அதைப் பையில் வைத்துத் தூக்கி வந்து ஆசிரியரிடம் நீட்டியவர்களும் அவர்கள்தான். நாளைக்கு அதே பிள்ளை டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ போனால் அவனை எந்த முகத்தோடு கேட்பீர்கள்? 'உறவினர் திருமணம்' என்றே எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் வரவில்லை என்றுதான் இருக்கும், அதை மாற்ற என்னால் முடியாது. ஆனால் உண்மையை எழுதியதற்காக யாரும் திட்ட மாட்டார்கள்.

இன்னொன்று, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல உரிச்சு எடுங்க டீச்சர்" என்று அப்பாக்கள் சொல்வது. பாசத்தில் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி பிரம்பு எனக்கும் நான் அதிகாரம் கொடுத்த ஆசிரியருக்கும் மட்டும்தான், பெண்பிள்ளைகள்மேல் அது படவே கூடாது. பல வருடம் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, அடி வாங்கிய பையனுக்குக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. உடைத்த கதவு உடைந்தபடியேதான் இருக்கும்.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் படிவம் 4 மாணவன் ஒருவன் கழிப்பறைக் கதவை உதைத்து கீல் பிய்ந்து வந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டோம். வந்ததும் வராததுமாக 200 வெள்ளியை மேசையில் வைத்து, "என்ன செலவோ எடுத்துக்கொள்ளுங்கள், பையன் பெயரை மட்டும் பதிய வேண்டாம்" என்றார். பையன் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதற்குள் விஷயம் முடியப் போகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று நாள் இடைவேளை நேரத்தில் பள்ளிப் பராமரிப்பு ஊழியரோடு சேர்ந்து அவன் அந்தக் கதவை மாட்ட வேண்டும் என்று பேசி முடித்தோம். பழைய திருகாணியைக் கழற்றவே ஒரு நாள் ஆனது, துருப்பிடித்திருந்தது. இரண்டாம் நாள் கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் அது மூடியது. அன்று மதியம் அவன் அந்தப் பக்கமாக மூன்று தடவை போய்த் திறந்து மூடிப் பார்த்ததாக ஊழியர் சொன்னார். அதற்கப்புறம் அவன் ஒன்றும் மகானாகிவிடவில்லை. போன வாரம்கூட தாமதமாக வந்து வாசலில் மாட்டினான். ஆனால் அந்தக் கழிப்பறையில் யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் முதலில் சத்தம் போடுவது அவன்தானாம்.

பெயர் பதிவதைப் பற்றி: மாணவர் நடத்தையைப் பதியும் கல்வியமைச்சின் கணினி முறையில் தவறுகளை மட்டுமல்ல, நல்ல செயல்களையும் பதிய இடம் இருக்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், தவறைப் பதிகிற வேகத்தில் நாங்கள் நல்லதைப் பதிவதில்லை. இது எங்கள் குறை. இந்தத் தவணையிலிருந்து வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு இரண்டு நற்செயலையாவது பதிய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கதவு மாட்டியதும் அதில் ஏறிவிட்டது, உதைத்ததும் ஏறிவிட்டது.

குறை என்று வந்துவிட்ட பிறகு என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு பள்ளியில், வகுப்பு நிதி 40 வெள்ளி காணாமல் போனது. பொருளாளராக இருந்த பெண்ணை நாற்பது பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டேன். அவள் அழுதாள், அழுவதையே நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பணம் என் பதிவேட்டு உறைக்குள்ளேயே இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். எங்கே? ஆளில்லாத நடைபாதையில், மெதுவான குரலில். குற்றம் சாட்டியது நாற்பது பேருக்குத் தெரியும், மன்னிப்புக் கேட்டது எங்கள் இருவருக்கு மட்டும். அந்தப் பிள்ளை இன்றைக்கு எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. இப்போது எங்கள் ஆசிரியர் யாராவது வகுப்பில் தவறாகத் திட்டிவிட்டால் அதே வகுப்பில், அதே சத்தத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நடக்காவிட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. போன சாரணர் முகாமில் சாப்பிட்டு முடித்ததும் நம் ஆண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தட்டை அப்படியே தரையில் விட்டுவிட்டு எழுந்து போனார்கள். திமிர் இல்லை, தட்டுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் தங்கச்சி எடுத்துவிடுவாள். ஆனால் இதே பையன்களைத் தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் பார்த்தேன். இரவு 2 மணி. மோர் ஊற்றுகிறார்கள், பாட்டிகளைக் கைபிடித்து உட்கார வைக்கிறார்கள், ஒருவன் கறுப்புப் பையை இழுத்துக்கொண்டு காகிதக் குவளைகளைப் பொறுக்குகிறான். அங்கே யாரோ ஓர் அண்ணன், 'இது உன் பொறுப்பு' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம் வீட்டில் அந்தப் பேச்சு பெண்பிள்ளையிடம் மட்டும்தான் நடக்கிறது. மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் வேலையிலிருந்து வரும்போது சோறு வெந்திருக்க வேண்டும் என்று வையுங்கள். முதல் வாரம் குழைந்துதான் இருக்கும்.

சீருடை இயக்கம், விளையாட்டு, மன்றம் மூன்றிலும் பிள்ளை இருக்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்பது உங்களுக்கே தெரியும், அதனால் நீட்டவில்லை. சான்றிதழுக்காக மட்டும் வந்து பெயர் கொடுத்துவிட்டு ஓடிவிட வேண்டாம், அவ்வளவே.

ஆலோசனை ஆசிரியர் அறைக்கு உங்கள் பிள்ளை போனதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். "என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். அந்த அறைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் நண்பனோடு சண்டை, வீட்டில் சத்தம், தூக்கம் வரவில்லை என்றுதான் போகிறார்கள். அங்கே பேசுவதை எனக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள், பிள்ளையின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் தவிர. பள்ளி இல்லாத நேரத்தில் அவசரம் என்றால் 15999 என்ற 'தாலியான் காசே' அரசாங்க உதவி எண் 24 மணி நேரமும் எடுக்கும்.

வேப் (மின்சிகரெட்) விஷயம் சுருக்கமாக. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பது 2024 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி குற்றம். போன மாதம் ஒருவனிடம் எடுத்ததை, 'எந்தக் கடையில் வாங்கினான்' என்று அப்பா கோபமாகக் கேட்டார். அவருடைய மேசை டிராயரிலிருந்துதான். இதற்கு மேல் நான் எதுவும் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, தமிழ்மொழி வகுப்பு. குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. படிவம் 1இல் இப்போது 13 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இதை எதற்கு இந்தக் கடிதத்தில் சேர்க்கிறேன் என்று கேட்பீர்கள். என் அறைக்கு வரும் பிள்ளைகள் நடந்ததை மலாயில் ஒழுங்காகச் சொல்வார்கள். மனத்தில் இருப்பதைச் சொல்லும் இடம் வரும்போது தமிழுக்கு மாறுகிறார்கள், அங்கே வார்த்தை கிடைக்காமல் நின்றுவிடுகிறார்கள். இன்னும் இரண்டு பேர்தான் வேண்டும்.

வரும் சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து 12 மணி வரை அறையில் இருப்பேன். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இரவு வேலை முடித்து வருகிறவர்கள் முதலில் தூங்கிவிட்டு வாருங்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி போட்டால் அதற்குப் பிறகும் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: மேசையில் பழைய பொருட்கள் இன்னும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகளே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இடது கால் சப்பாத்து ஒன்று மட்டும் தனியாக மூன்று வாரமாகக் கிடக்கிறது. வலது காலோடு யாரோ வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், எப்படி என்றுதான் எங்களுக்குப் புரியவில்லை.