விட்டுக்கொடுத்த காசு யார் கைக்குப் போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் வாசகர் ஒருவர் அமெரிக்கக் காற்பந்தைப் பற்றி எழுதியிருந்தார். டல்லாஸ் கவ்பாய்ஸ் குழுவின் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் ஆண்டுக்கு 60 மில்லியன் டாலர் வாங்குகிறார். அதனால்தான் அந்தக் குழுவில் மற்ற நல்ல ஆட்டக்காரர்கள் நிலைக்கவில்லை, முன்னாள் குவாட்டர்பேக் டாம் பிரேடி மாதிரி குறைத்து வாங்கியிருந்தால் இந்நேரம் கோப்பை வந்திருக்கும், பேராசை குழுவைக் கெடுத்துவிட்டது என்கிறார். 'பேராசை' என்ற சொல்லைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் பெஸ்தாரி ஜெயாவில் இருப்பவன். 2007-இல் பெயர் மாறினாலும் எங்கள் வயதுக்காரர்களுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் செம்பனைக் குலை வெட்டினேன், கடைசிச் சில வருடம் மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கிறவன். நடுவில் தோட்டக் கமிட்டியின் செயலாளராகவும் இருந்தேன். என் பேரன் சைபர்ஜெயாவில் இரவு வேலை பார்க்கிறான். விடுப்பில் வந்தால் திங்கட்கிழமை விடியற்காலையில் இந்த ஆட்டத்தைப் பார்ப்பான். அமெரிக்காவில் ஞாயிறு சாயங்காலம் தொடங்குவது நமக்கு விடிகாலை ஐந்தரைக்கு வருகிறது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு அதற்கு முன்னாலேயே எழுந்துவிடும், நானும் கூட உட்கார்ந்து பார்ப்பேன். நான்கு வருடமாகப் பார்க்கிறேன். அங்கே குவாட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, எதிரிகள் மேலே வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவர். களத்தில் பதினொரு பேர் நின்றாலும் ஆட்டம் அவர் கையில்தான்.

வாசகரின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அவர்கள் ஆடும் என்.எப்.எல். லீக்கில் 1994 முதல் சம்பள உச்சவரம்பு உண்டு. முதல் வருடம் ஒரு குழுவுக்கு 34.6 மில்லியன் டாலர், 2025-இல் 279.2 மில்லியன். அதற்குள் 53 பேருக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் 60 மில்லியன் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. தோட்டத்தில் அப்படிக் கிடையாது. அங்கே நான் அதிகம் வெட்டி அதிகம் வாங்கினால் பக்கத்து நிரைக்காரனின் கூலி குறையாது. அந்த லீக்கிலோ ஒரே சட்டிச் சோறு, ஒருவர் அள்ளினால் அடுத்தவருக்குக் குறையும். பேரன் இதை விளக்கியபோது நானும் "அப்போ அந்த ஆளு கொஞ்சம் விட்டுக் குடுத்தா என்ன?" என்றுதான் கேட்டேன்.

கேட்டவுடனே எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

1988. எங்கள் தோட்டத்தில் ஒரு பகுதி மரங்கள் இருபது வயது தாண்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குப் போய்விட்டன. நீளமான மூங்கிலின் நுனியில் அரிவாளைக் கட்டி, ஆடாமல் நிமிர்த்திப் பிடித்து, மட்டையை இறக்கி, காம்பில் ஒரே இழுப்பில் குலையைத் தள்ள வேண்டும். அந்தப் பகுதியில் எட்டுப் பேர் வெட்டினோம். அண்ணன் மாதிரி ஒருவரும் இல்லை. நான் இரண்டு இழுப்பில் தள்ளுவதை அவர் ஒன்றில் தள்ளுவார். குலை எங்கே விழும் என்று சொல்லிவிட்டு வெட்டுவார். எங்கள் எட்டுப் பேருக்கும் உயர மரத்துக்குக் குலைக்கு ஐந்து காசு மேல்காசு இருந்தது. சங்கத்துக்கும் முதலாளிமார் சங்கத்துக்கும் போட்ட ஒப்பந்தத்தில் அது கிடையாது, தோட்டத்திலேயே வாய்வார்த்தையாகப் பேசி வைத்தது. அண்ணனுக்கு மாதம் நூறு வெள்ளிக்குக் கிட்ட வரும். அந்தக் காலத்தில் அது மூன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவு.

மேனேஜர் ஒருநாள் ஆபிசுக்குக் கூப்பிட்டார். நானும் கமிட்டிக்காரன் என்று கூடப் போனேன். "நீ பெரிய கை. அந்த அஞ்சு காசை நீ மட்டும் விட்டுக் குடுத்தா நான் இன்னும் ரெண்டு ஆளு போடலாம். உன் கூட்டாளிங்களுக்கு வேலை லேசாகும்." நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான், "குடுத்துடுங்கண்ணே, நம்ம ஆளுங்களுக்குத்தானே" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டார். எதையும் எழுதி வாங்கவில்லை. எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கமிட்டிச் செயலாளராக இருந்தும்.

இரண்டு ஆள் வந்தார்கள், உண்மைதான். ஆனால் குத்தகைக்காரர் மூலம், எங்களைவிடக் குறைந்த கூலிக்கு. ஆறு மாதம் கழித்து மற்ற ஏழு பேருக்கும் மேல்காசு நின்றது. கேட்கப் போனால், "உங்க பெரிய ஆளே வாங்கல, உங்களுக்கு எதுக்கு?" என்று பதில் வந்தது. 1991-இல் மேலிருந்து மட்டை விழுந்து அண்ணனின் வலது தோள் போயிற்று. அதன்பிறகு மூங்கிலைத் தூக்க முடியவில்லை, உதிரிப்பழம் பொறுக்கப் போட்டார்கள். தொழிலாளர் காப்புறுதி நிதியான சொக்சோவிலிருந்து காசு வந்தது, அது வேறு கணக்கு. 'இவன் நமக்காக விட்டுக்கொடுத்தவன்' என்று ஆபிசில் எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

அதனால்தான் பிரேடியின் பெயரைச் சொல்லி ஒருவரைப் பேராசைக்காரர் என்றால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிரேடியின் கதையை முழுதாகப் பார்ப்போம். 2013 பிப்ரவரியில் அவர் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் குழுவோடு மூன்று வருடத்துக்கு 27 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார். அதே பருவத்தில் வேறு குழுக்களின் குவாட்டர்பேக்குகளான ஜோ பிளாக்கோவும் ஆரன் ரோஜர்சும் ஆண்டுக்கு 20 மில்லியனுக்கு மேல் கையெழுத்திட்டார்கள். ஆக பிரேடி வாங்கியது பாதிக்கும் குறைவு. அதைச் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவர் அதிகம் பந்து எறிந்து பழகிய வெஸ் வெல்கர் இரண்டு வருடத்துக்கு 12 மில்லியன் என்று டென்வருக்குப் போய்விட்டார். யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் விட்டுக்கொடுத்தார் என்று எல்லோரும் நினைத்தார்களோ, அவரையே குழு பிடித்து வைக்கவில்லை. பதிலுக்கு டேனி அமெண்டோலா என்பவரை எடுத்தார்கள், ஆகவே காசு முழுக்க முதலாளி பையில் தங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2015 பிப்ரவரியில் கோப்பையும் வந்தது. ஆனால் அந்தக் காசை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்தவர் பிரேடி இல்லை. இருபது வருடம் ஆடி ஆறு கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 2020-இல் வேறு குழுவுக்குப் போய்த்தான் இரண்டு வருடத்துக்கு 50 மில்லியன் உத்தரவாதத்தோடு வாங்கினார்.

இன்னொன்று. உச்சவரம்புக்குள் முழுப் பணத்தையும் அந்தந்த வருடமே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் குழுக்களுக்குக் கிடையாது. மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகலாம். சில வருடங்களைச் சேர்த்துக் கணக்குப் பார்த்து 90 விழுக்காடு செலவாகியிருந்தால் போதும் என்பது விதி. அப்படியிருக்க, குவாட்டர்பேக் விட்ட காசு தோழனின் தட்டில்தான் விழும் என்று எதை நம்பிச் சொல்வது?

இப்போது பிரெஸ்காட். 2016-இல், புது ஆட்டக்காரர்களைக் குழுக்கள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது, நான்காவது சுற்றில்தான் எடுத்தார்கள். முதல் நான்கு வருடம் குழுவை நடத்தியவர், அவர் நிலைக்கு மிகச் சொற்பச் சம்பளத்தில் ஆடினார். அப்போது "பாவம், அந்தப் பையனுக்குக் கூட்டிக் குடுங்க" என்று ரசிகர் யாரும் கடிதம் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை. நீண்ட ஒப்பந்தம் படியாததால் 2020-இல், ஆட்டக்காரரை வெளியே விடாமல் ஓராண்டுக்குப் பிடித்து வைக்கும் விதியின் கீழ் 31.4 மில்லியனுக்கு ஆடினார். அந்த அக்டோபரில், நியூயார்க் ஜயன்ட்சுக்கு எதிரான ஆட்டத்தில், வலது கணுக்கால் எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. பேரன் பழைய காட்சியைப் போட்டுக் காட்டினான், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வண்டியில் ஏற்றும்போது அவர் அழுதார். அந்தக் கால் சரியாகாமல் போயிருந்தால்? நல்லவேளை, சரியானது. 2021 மார்ச்சில் நான்கு வருடத்துக்கு 160 மில்லியன், 2024 செப்டம்பரில் இன்னும் நான்கு வருடத்துக்கு 240 மில்லியன். அதே பருவத்தில் மறுபடி காயம், பாதியில் படுத்தார், குழு பதினேழு ஆட்டத்தில் பத்தில் தோற்றது. வாசகர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். எனக்கோ அவர் ஏன் கிடைக்கும்போதே வாங்கினார் என்பது இதில்தான் தெரிகிறது. உடம்பை வைத்துப் பிழைக்கிறவனுக்கு வருடங்கள் எண்ணித்தான் கிடைக்கும். அந்த லீக்கில் பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும் முழுத்தொகைக்கும் உத்தரவாதம் கிடையாது. வேண்டாம் என்றால் குழு ஆளை நடுவிலேயே விட்டுவிடலாம். விசுவாசத்தை ஒரு பக்கத்திடம் மட்டும் கேட்பது எப்படி முறை?

தடுப்பாட்டத்தில் சிறந்த மிக்கா பார்சன்ஸ் போனதற்கும் பிரெஸ்காட்டின் சம்பளமே காரணம் என்று வாசகர் எழுதியிருந்தார். 2025 ஆகஸ்டில் கவ்பாய்ஸ் அவரைக் கிரீன் பே பேக்கர்சுக்கு மாற்றிவிட்டது, அங்கே நான்கு வருடத்துக்கு 188 மில்லியன் கிடைத்தது. ஆனால் கவ்பாய்ஸ் இருக்கும் அதே வட்டாரப் பிரிவில் ஆடும் பிலடெல்பியா ஈகிள்சைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் ஜேலன் ஹர்ட்சுக்கு ஐந்து வருடத்துக்கு 255 மில்லியன் கொடுத்தது, கையெழுத்திட்ட நாளில் அதைவிட உயர்ந்த ஆண்டுச் சராசரி யாருக்கும் இல்லை. அதற்குப் பிறகும் பந்தை ஏந்தி ஓடும் சேக்குவான் பார்க்லியை எடுத்து, 2025 பிப்ரவரியில் 40-22 என்று கோப்பையை வென்றது. ஆபிஸ் ஒழுங்காகக் கணக்குப் பார்த்தால் முடிகிறது. கவ்பாய்ஸ் கடைசியாக இறுதியாட்டத்தில் ஆடியது 1996 ஜனவரியில். பிரெஸ்காட் அப்போது இரண்டரை வயதுக் குழந்தை. அந்தக் குழுவை ஜெர்ரி ஜோன்ஸ் 1989-இல் சுமார் 140 மில்லியனுக்கு வாங்கினார். இன்று அதன் மதிப்பு 10 பில்லியனுக்கும் மேல். ஆட்டக்காரருக்கு உச்சவரம்பு உண்டு, முதலாளியின் லாபத்துக்கு உண்டா?

ரசிகர்கள் தியாகம் என்று புகழ்வதில் பாதி தியாகமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல குவாட்டர்பேக்குகள் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதிக் குழுவுக்கு இடம் உண்டாக்கினார்கள் என்று செய்தி வரும். அது நம் தோட்டத்தில் மாத நடுவில் கைக்காசு வாங்குவது மாதிரி. சம்பளத்தின் பெரும்பகுதியை முன்கூட்டியே போனசாகக் கையில் கொடுத்துவிடுவார்கள், உச்சவரம்புக் கணக்கில் மட்டும் அதை ஐந்து வருடம் வரை பிரித்து எழுதுவார்கள். ஆட்டக்காரருக்கு ஒரு காசும் குறையாது, குழுவுக்கு இந்த வருடம் மூச்சு விட இடம் கிடைக்கும். இதை யார் கேட்டாலும் செய்யலாம், நான் தடுக்க மாட்டேன். உண்மையாகவே தொகையைக் குறைத்துக்கொள்வது வேறு.

அதையும் ஒருவர் தானாக நினைத்துச் செய்தால் நான் கும்பிடுவேன். பிரேடி வீட்டில் அப்போது மனைவியின் வருமானமும் பெரிதாக இருந்தது, அவரால் முடிந்தது. கேட்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு. முதலாளியும் கேட்கக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் நாமும் கேட்கக் கூடாது. அந்த ஆட்டக்காரர்கள் 1987-இல் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் கருங்காலிகளை இறக்கி மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். சங்கம் தோற்று, பிறகு நீதிமன்றம் ஏறி இறங்கி, 1993-இல்தான் விரும்பிய குழுவுக்குப் போகும் உரிமை வந்தது. தன் விலையைத் தானே பேசும் உரிமையை அவ்வளவு பாடுபட்டு வாங்கியவர்களின் வரிசையில் நிற்பவரிடம், அதைப் பயன்படுத்தாதே, பயன்படுத்தினால் நீ பேராசைக்காரன் என்று சொல்லலாமா?

அந்த வாசகர் நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார். எங்கள் மேனேஜரும் அன்று நல்ல மாதிரியாகத்தான் பேசினார், நானும் அண்ணனிடம் நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அண்ணனுக்கு இப்போது எழுபத்தாறு வயது. நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மேல்காசு நான்கு காசு என்று முதலில் எழுதியிருந்தேன். "அஞ்சுடா" என்றார். திருத்திவிட்டேன்.

இப்படிக்கு,
முன்னாள் வெட்டு மண்டோர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.