தைலம் குடிப்பதற்கு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வெளிவந்த நறுமண சிகிச்சை பற்றிய கட்டுரையில் லாவெண்டரைப் பற்றியும் எலுமிச்சைப்புல்லைப் பற்றியும் எழுதியிருந்தவற்றில் எனக்குக் குறையில்லை. ஆனால், சளி பிடித்தால் நீலகிரித் தைலத்தில் நாலைந்து சொட்டு வெந்நீரில் விட்டுக் குடிக்கலாம் என்று போகிற போக்கில் சொல்லியிருந்த ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

கோத்தகிரிப் பக்கத்தில் என் தாய்மாமன் தைலம் காய்ச்சும் கொட்டகை வைத்திருந்தார். பெண்கள் சாக்குகளில் கட்டிக்கொண்டு வரும் யூகலிப்டஸ் இலையைப் பெரிய அண்டாவில் மிதித்து அடைத்து, மூடியின் விளிம்பில் ஆவி கசியாதபடி மண் பூசி, முந்தைய முறை காய்ச்சி உலர்த்திய சக்கையையே அடுப்புக்கு எரிபொருளாக்குவார்கள். குழாய் வழியே போகும் ஆவி ஓடைத் தண்ணீரில் குளிர்ந்து சொட்டும்போது தைலம் தண்ணீரின் மேல் மிதக்கும். அதை அகப்பையால் வழித்தெடுப்பார்கள். நூறு கிலோ இலைக்குக் கிடைப்பது ஒரு கிலோவை ஒட்டித்தான். அவ்வளவு இலையின் சாரம் அந்தச் சிறு புட்டியில் அடங்கியிருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருந்தால் குடிக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

நாங்கள் கற்பூர மரம் என்று அழைக்கும் இந்த மரம் எங்கள் மலைக்குச் சொந்தமானதும் அன்று. ஆஸ்திரேலியாவிலும் அதன் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவிலும் வளரும் யூகலிப்டஸ் வகையை, சோலைக்காடுகள் விறகுக்காக அழிந்துவந்த காலத்தில், 1843-இல் கேப்டன் காட்டன் என்ற ஆங்கில அதிகாரி நீலகிரிக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஜோசப் பொசிஸ்டோ என்பவர் 1850-களில் தைலம் வடிப்பதை வணிகமாக்கினார். விறகுக்கு வந்த மரம் இங்கேயும் தைலத்துக்குப் பேர்போனது. இந்தி பேசுவோர் அந்த மரத்தையே ‘நீல்கிரி’ என்கிறார்கள். வந்தேறி மரத்துக்கு மலையின் பெயரே நிலைத்துவிட்டது.

தைலத்தின் வேலையைச் செய்வது சினியோல் என்னும் பொருள். மருந்துக்கான தைலத்தில் இது 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துத் தரநூல் வரையறுக்கிறது. குளிர்ச்சியை உணரும் நரம்புகளை இது தூண்டுவதால்தான் ஆவி பிடித்தவுடன் மூக்குத் திறந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. பெரியவர்கள் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகரலாம். மூட்டுவலிக்குத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவலாம். இவற்றை நானும் செய்கிறேன்.

வயிற்றுக்குள் போனால் கதையே வேறு. ஒரு தேக்கரண்டி அளவே சிறு குழந்தைக்கு வலிப்பையும் மயக்கத்தையும் வரவழைக்கக்கூடும். எங்கள் தெருவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கட்டிலருகே திறந்திருந்த புட்டியை வாயில் கவிழ்த்துக்கொண்டபோது, பாட்டி பதறிப்போய் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க முயன்றார். அதுவும் தவறு. வாந்தியோடு தைலம் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவதே சரி. நல்ல வேளையாக அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. பச்சிளங் குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் தைலம் தடவும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும்.

கலப்படம் இன்னொரு கவலை. சுற்றுலா வரும் உறவினர் ஒருவர் சாலையோரக் கடையில் வாங்கிவந்த தைலத்தை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்; மறுநாளும் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. சுத்தமான தைலம் கறையின்றி ஆவியாகிவிடும். ஆனால் பெயின்ட் கரைக்கப் பயன்படும் டர்பன்டைன் கலந்திருந்தால், அதுவும் ஆவியாகிவிடுவதால் இந்தச் சோதனையில் பிடிபடாது. அப்படிப்பட்ட சரக்கைத்தான் வெந்நீரில் கலந்து குடிக்கச் சொல்கிறோமா?

எனவே, அந்த வரி தவறு என்பதை அதே ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகளால் திறக்க முடியாத மூடியும், ‘உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது’ என்ற தமிழ் வாசகமும் இல்லாத புட்டிகளை விற்க விடக் கூடாது என்று உரிய அதிகாரிகளிடம் தங்கள் நாளிதழ் கேட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.